கவிழ்த்து வைத்த இருபத்தொன்பது தொட்டிகள்

துறைத் தலைவரின் அறையில் அன்று நாங்கள் நான்கு பேர். மேசைக்குப் பின்னால், மின்விசிறிக்கு நேர் கீழே, துறைத் தலைவர் மேடம். அவருக்கு வலப்பக்கம், கைப்பிடி வைத்த நாற்காலியில், என் ஆய்வு வழிகாட்டி சார். கதவோரம் ஸ்டூலில் நாற்றங்கால் அண்ணன். முழங்கையில் மண் இன்னும் காயவில்லை. சாருக்கு எதிரே, மடியில் பதிவேட்டுடன் நான். இதை எழுதி வைக்கக் காரணம் உண்டு. நாளைக்கு யாரும் அப்படி ஒரு கூட்டமே நடக்கவில்லை என்று சொல்லிவிடக் கூடாது.

விஷயம் இதுதான். ஆலைக் கழிவுச் சேற்றை உரமாகப் போட்டால் மரக்கன்று வளருமா என்பது என் முதுகலை ஆய்வு. எண்பது தொட்டிகள். நாற்பதில் சேறு கலந்த மண், நாற்பதில் வெறும் மண். இருபத்திரண்டு வாரம், வாரம் ஒருமுறை உயரம் அளந்தேன். செத்த கன்றின் தொட்டியை எடுத்துவிடாமல் அதே இடத்தில் கவிழ்த்து வைப்பேன். அப்போதுதான் வரிசை எண் குழம்பாது. கடைசி வாரம் பார்த்தால், சேற்று வரிசையில் இருபத்தொன்பது தொட்டிகள் கவிழ்ந்திருந்தன. வெறும் மண் வரிசையில் மூன்று.

தப்பு என்னுடையது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். செத்த கன்றுகளுக்கு உயரக் கட்டத்தில் வெறும் கோடு போட்டிருந்தேன். கணினி கோடுகளைக் கண்டுகொள்ளாமல், பிழைத்தவற்றுக்கு மட்டும் சராசரி போட்டது. சேற்றில் பிழைத்த பதினொன்றும் நன்றாகக் கொழுத்தவை. ஆக, வெறும் மண்ணில் இருபத்துநான்கு சென்டிமீட்டர், சேற்றில் முப்பத்திரண்டு! எத்தனை செத்தன என்று சொல்ல அந்த அட்டவணையில் கட்டமே இல்லை. சார் மாய்ந்து மாய்ந்து பாராட்டினார். ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்ட கையோடு, அந்த அட்டவணையை ஒரு கருத்தரங்கில் திரையில் காட்டிவிட்டும் வந்தார். ஆலைக்காரர்கள் கைதட்டினார்களாம். விவசாயிகளுக்கு அந்தச் சேற்றை மூட்டை மூட்டையாகக் கொடுக்கப்போவதாகவும் பேச்சு.

அச்சுக்குக் கொடுக்குமுன் கடைசியாக ஒருமுறை சரிபார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. சாவுக் கணக்கைச் சேர்த்துப் புது அட்டவணை போட்டு எடுத்துப்போனேன். அதற்குத்தான் இந்தக் கூட்டம்.

"பழைய டேபிளே இருக்கட்டும்மா," என்றார் சார். "அதெல்லாம் தண்ணி பத்தாம செத்தது. உன் அஜாக்கிரதை. ஆய்வுல சேராது."

"ரெண்டு வரிசைக்கும் ஒரே குவளையிலதான் சார் ஊத்தினேன். தண்ணி பத்தலைன்னா அந்த வரிசையும்ல செத்திருக்கணும்?"

"எதிர்த்துப் பேசுறியா?"

"இல்ல சார், கேக்குறேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாங்களேன், அந்தத் தொட்டிங்களை நேர்லயே போய்ப் பார்த்துடலாம்."

நாற்றங்கால் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "அதெல்லாம் கழுவி அடுக்கியாச்சுங்க மேடம். சார்தான் நேத்து இடத்தைக் காலி பண்ணச் சொன்னாரு."

அதில் ஒரு தொட்டியையும் என்னைக் கேட்காமல் யாரும் அசைத்ததில்லை.

"இடம் வேணும்னு சொன்னேன்ப்பா. நான் என்னமோ ஒளிச்ச மாதிரி பேசுறே?" என்றார் சார்.

"நான் எங்கங்க பேசுனேன், மண்ணு சுமக்கிறவன்? ஆனா பொழைச்சவங்களை மட்டும் எண்ணினா எல்லா ஆஸ்பத்திரியும் நல்ல ஆஸ்பத்திரிதான் சார்."

மேடம் சிரிப்பை மறைக்க இருமினார். சாருக்கு இருமல் வரவில்லை.

"இங்க பாரும்மா," என்றார் மேடம், குரலைத் தாழ்த்தி. "திங்கட்கிழமை ஆய்வேடு வெளித் தேர்வாளருக்குப் போகணும். புது டேபிளுக்குச் சார் கையெழுத்துப் போடமாட்டேங்கிறார். கையெழுத்து இல்லேன்னா உனக்கு ஒரு வருஷம் போச்சு. முதல்ல பட்டத்தை வாங்கு. அப்புறமா உலகத்தைத் திருத்து."

அப்புறமா! அந்தச் சொல்தான் என்னை விடவில்லை. அப்புறம் எந்த விவசாயி என்னைத் தேடி வந்து கேட்கப்போகிறார்? நட்டதில் முக்கால்வாசியைப் பிடுங்கி எறியும்போது அவர் தன் கைராசியைத்தான் நொந்துகொள்வார். அந்த அட்டவணைக்கு மேலே என் பெயர் அச்சாகியிருக்கும்.

வீட்டில் அக்காவிடம் சொன்னேன். அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள்; அப்போதுதான் வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"செடி செத்ததுக்கு இவ்வளவு ஒப்பாரியாடி? உனக்கு வேலை தர்றேன்னு சொன்ன ஆய்வகம், ஒரு வருஷம் வாயைப் பொளந்துகிட்டுக் காத்திருக்குமா?"

"உன் கடையில காலாவதித் தேதியை மறைச்சு மாத்திரையை விக்கச் சொன்னா விப்பியா?"

"அடிப்பாவி, என்னை ஏன்டி நடுவுல இழுக்கிறே?" என்றவள், கொஞ்ச நேரம் கால் விரல்களை நீவிக்கொண்டிருந்தாள். "எழுதித் தொலை. ஆனா அழுதுகிட்டே எழுதாதே, எழுத்து கோணும்."

வெளித் தேர்வாளருக்கு எழுதினேன். துறையிலிருந்து உங்களுக்கு வரும் என் ஆய்வேட்டில் ஐம்பத்தாறாம் பக்கத்து அட்டவணை தவறு, தவறு செய்தவள் நான், சரியானது இதோ, வாரப் பதிவேட்டின் நகல் இருபத்திரண்டு பக்கம் இணைப்பு. கவிழ்த்த தொட்டிகள் எந்தத் தேதியில், யார் சொல்லி அகற்றப்பட்டன என்பதையும் ஒரு வரியில் சேர்த்தேன். கடைசியில், இந்தத் திருத்தத்தை ஏற்க முடியாது என்றால் என் ஆய்வேட்டை மதிப்பிடவே வேண்டாம் என்று முடித்தேன். அந்த வரியை மட்டும் மூன்று முறை அடித்து மூன்று முறையும் திரும்ப எழுதினேன்.

அக்கா படித்தாள். "இதுல 'பணிவுடன்' அஞ்சு தடவை வருது. ஒண்ணு போதும்."

நான்கை எடுத்தேன்.

"கீழே என்ன, உங்க சாருக்கும் மேடத்துக்கும் நகலா? கிறுக்கா உனக்கு?"

"முதுகுக்குப் பின்னால எழுதினாள்னு பேர் வரக் கூடாதுக்கா."

சனிக்கிழமை காலை தபால் நிலையம் திறக்கும்போதே போய் நின்றேன். மூன்று உறைகள். கவுண்டரில் கட்டி வைத்திருந்த பசைப் புட்டி காய்ந்துகிடந்தது. அடியில் சுரண்டிச் சுரண்டித் தடவி, தேர்வாளரின் உறையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"சாதாரணமாவா, பதிவுத் தபாலா?" என்றார் உள்ளே இருந்தவர்.

"மூணுமே பதிவுத் தபால்," என்றேன்.

அவர் உறைகளை எடைபோட்டு, முத்திரை குத்தி, ஒவ்வொன்றாகப் பின்னால் இருந்த சாக்குக்குள் போட்டார்.