ஆர்ச்சி வீட்டில் இல்லாத பூனை

"ஸ்பீக்கர் கம்பி ரெண்டும் பின்னால மாட்டித்தான் இருந்துச்சா?"

"எப்ப?"

"அது சாகும்போது."

லீத் ஒரு நொடி யோசித்தான். ஒரே ஒரு நொடிதான். ஆனால் போனில் ஒரு நொடி ரொம்ப நீளமானது.

"மாட்டித்தான் இருந்துச்சு," என்றான்.

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"ம்." மறுமுனையில் இருந்த பெண்மணி எதையோ எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. "வாசனை எப்படி? மீன் வாசனையா, தார் வாசனையா?"

"தார். புது ரோடு போட்ட மாதிரி."

"சரி. நாளைக்குக் காலைல கிங்ஸ்டனுக்குக் கொண்டாங்க. நடுவுல யாருக்காவது ஆசை வந்து மூடியைக் கழட்ட விட்றாதீங்க. நீங்களும் தொடாதீங்க. செத்த பிறகும் உள்ள கரண்டு கொஞ்சம் மிச்சம் இருக்கும், ஆளைத் தூக்கி அடிச்சிரும்."

லீத் போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். எதிரே, பாதிவரை பச்சை பூசிய சுவர். சுவரை ஒட்டி, பழைய போர்வைக்கு அடியில், மனைவி இவோனின் அப்பா ஆர்ச்சி தன் கையால் செய்த, கண்ணாடி வால்வுகள் வைத்த பழைய ஆம்ப்ளிஃபயர். போர்வையை விலக்கிப் பார்க்க மனம் வரவில்லை.

ஹோபார்ட் நகரப் பேருந்து ஓட்டுகிறவன் லீத். பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட நிறுத்தத்தில் ஆளை விட்டுவிட்டுப் போனதில்லை என்பதில் அவனுக்குச் சின்னக் கர்வம் உண்டு. அப்படிப்பட்டவன்தான் நேற்று மத்தியானம், மனைவி அக்கா வீட்டுக்கு பர்னிக்குப் போயிருக்கிற வாரத்தில், அவள் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த பச்சை நிறத்தைச் சுவருக்குப் பூசி அசத்திவிடலாம் என்று புறப்பட்டான். மூலையில் நின்ற பெரிய ஸ்பீக்கர் பெட்டியை நகர்த்த வேண்டியிருந்தது. கம்பியைக் கழற்றினான். இரண்டு மணி நேரம் தூரிகை பிடித்த பிறகு, பாட்டு கேட்டுக்கொண்டே வேலை செய்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. இசைத்தட்டை வைத்து, சுவிட்சைப் போட்டான்.

பாட்டு வரவில்லை. சத்தத்தைக் கூட்டினான். அப்போதும் வரவில்லை. இன்னும் கூட்டினான். அப்புறம் காதைக் கிட்டே கொண்டுபோனபோது, அந்த இரும்புப் பெட்டிக்குள்ளிருந்தே மெலிதாகப் பாட்டு கேட்டது. டப்பாவுக்குள் அடைபட்ட ஒரு குட்டி மனிதன் பாடுவது போல. என்ன அழகு என்று அவன் வியந்து நின்ற நேரத்தில்தான் தார் வாசனை வந்தது.

கல்யாணமான முதல் வாரத்தில் இவோன் அவனுக்குச் சொன்ன ஒரே விதி அதுதான். "இந்த வீட்டுல நீ என்ன வேணா பண்ணிக்கோ. ஸ்பீக்கர் மாட்டாம இதை மட்டும் போட்றாத. அதுக்குச் சுமை வேணும். சுமை இல்லாம ஓட விட்டா உள்ளயே எரிஞ்சு போயிரும்." அதை அவள் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த தீவிரத்தைப் பார்த்துச் சிரித்தான் லீத். சிரித்தாலும் இத்தனை வருஷம் அந்த விதியை மீறியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் உருளைக்கிழங்கு தோல் சீவ உட்காரும் முன் இவோன், "அப்பாவை எழுப்பு" என்பாள். வால்வு சூடேறிப் பாட்டு வர ஒரு நிமிஷம் பிடிக்கும். அந்த ஒரு நிமிஷமும் அவள் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா காத்திருப்பாள். ஆர்ச்சி இறந்து ஏழு வருஷமாகிறது. இந்த ஞாயிறு மத்தியானம் அவள் பர்னியிலிருந்து திரும்பி வருகிறாள்.

இதைப் பழுது பார்க்க ஆளைக் கண்டுபிடிப்பதும் சுலபமாக இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு சின்னப் பழுதுக்கு மெல்போர்னில் ஒரு கடைக்கு அனுப்பினார்கள். நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது, ஆர்ச்சி மரத்தில் கடைந்து வைத்திருந்த குமிழ்களைக் காணோம்; பளபளவென்று அலுமினியக் குமிழ்கள் இருந்தன. "மேம்படுத்தியிருக்கோம்" என்று ஒரு சீட்டு. இவோன் அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டாள். இனி யாரும் இதைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

நேற்று சாயங்காலத்திலிருந்து லீத் மூன்று பேரைக் கூப்பிட்டுப் பார்த்தான். முதல் ஆள் என்ன நடந்தது என்றே கேட்காமல், "கொண்டாங்க, கண்டன்சர் எல்லாத்தையும் மாத்திரலாம்" என்றான். இரண்டாவது ஆள், "அதைக் கட்டி அழறதுக்குப் பதிலா என்கிட்ட புதுசு ஒண்ணு இருக்கு, வாங்கிக்கிறீங்களா?" என்றான். மூன்றாவது எண்ணை டிப்போவில் கூட வேலை பார்க்கும் டூகல் கொடுத்தான். "ஹென்னி டெர்ப்ஸ்ட்ரான்னு ஒரு அம்மா. அன்டார்டிக்கா போற கப்பலுக்கெல்லாம் ரேடியோ பார்த்தவங்க. தெரியாத ஆளை உள்ள விட மாட்டாங்க, என் பேரைச் சொல்லு. ஆனா லீத், அந்தம்மாகிட்ட பொய் மட்டும் சொல்லாத. சொன்னா வேடிக்கை பார்ப்பாங்க."

அந்தம்மாவிடம் லீத் சொன்ன முதல் பதிலே பொய்யாகிப் போனது. ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. பரீட்சையில் பெயர் எழுதும் இடத்திலேயே தப்பு எழுதிய மாதிரி இருந்தது.

மறுநாள் காலை ஆம்ப்ளிஃபயரை முன் சீட்டில் உட்கார வைத்து, பெல்ட் போட்டு, கிங்ஸ்டனுக்கு ஓட்டினான். வழியில் ரொட்டிக்கடையில், சிப்பிக் கறியை மாவுக்குள் அடைத்துச் சுட்ட பலகாரம் இரண்டு வாங்கினான். மலை உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் பக்கத்து சீட்டைப் பார்த்து, "மன்னிச்சுக்கோ ஆர்ச்சி" என்றான்.

ஹென்னிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நெட்டையான பெண்மணி, கழுத்தில் இரண்டு கண்ணாடிகள் தொங்கின. தோட்டத்துக் கொட்டகைதான் பட்டறை. அவர் பலகாரத்தை ஒரு கையில் வாங்கிக்கொண்டு, மறு கையால் மேஜை மேலிருந்த கிண்ணத்தை நீட்டினார். கறுப்பாக, பொத்தான் அளவில் மிட்டாய்.

லீத் ஒன்றை வாயில் போட்டான். உப்பு. கடலில் விழுந்து எழுந்த மிட்டாய் போல இருந்தது. கண்ணில் நீர் முட்டியது.

"எப்படி?"

"நல்லாருக்குங்க."

"நான் பொறந்த நாட்டு மிட்டாய். பழகாதவங்க யாருக்கும் பிடிக்காது," என்றார் ஹென்னி. "துப்பணும்னா குப்பைத்தொட்டி அங்க இருக்கு."

அவன் துப்பவில்லை. அதுதான் அவன் செய்த அடுத்த தப்பு என்று பிறகு தோன்றியது.

ஹென்னி உடனே எதையும் கழற்றவில்லை. முதலில் ஆம்ப்ளிஃபயரைச் சுற்றி வந்தார். அலுமினியக் குமிழைப் பார்த்து, "ஐயோ பாவம்" என்று அதனிடமே சொன்னார். பின்பக்கம் குனிந்தார். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்து அளந்தார். அடிப்பலகையின் எட்டு திருகாணிகளையும் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே ஒரு அட்டையில் குத்தி வைத்தார். பலகையை மெல்லத் தூக்கி, அதன் உள்பக்கத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது.

"என்னங்க?" என்றான் லீத்.

"அது அப்புறம்." பலகையைக் கவிழ்த்து வைத்தார். "ஸ்பீக்கருக்குப் போற டிரான்ஸ்ஃபார்மர் போயிருச்சு. மத்ததெல்லாம் நல்லாருக்கு. சுவருக்கு என்ன கலர் அடிச்சீங்க?"

"பச்சை. ஏன்?"

"அழகான பச்சைதான்." பின்பக்கத்தை அவன் பக்கம் திருப்பினார். ஸ்பீக்கர் கம்பி மாட்டும் திருகின் நட்டநடுவில், கடுகளவு பச்சைப் பொட்டு. "கம்பி மாட்டியிருந்தா இந்த இடத்துல பெயிண்ட் எப்படிப் படும்? நானும் ராத்திரில இருந்து யோசிக்கிறேன், எல்லாரும் இதை ஏன்தான் மறைக்கிறாங்களோன்னு. என் அனுபவத்துல பத்துல ஆறு பேர் இதே பொய்தான் சொல்லியிருக்காங்க."

லீத்தின் காது சூடாகியது. "மிட்டாயும் நல்லாயில்லங்க," என்றான்.

"அது தெரியும்."

பலகாரத்தைப் பிய்த்துத் தின்றுகொண்டே அவன் எல்லாவற்றையும் சொன்னான். பச்சைச் சுவர், தூரிகை, டப்பாவுக்குள் பாடிய குட்டி மனிதன். அதைச் சொன்னபோது ஹென்னி தலையாட்டினார். "அது பாடும். சுமை இல்லாதப்ப அதுவே பாடும். நானும் கேட்டிருக்கேன். கேக்கக் கூடாத அழகு."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள சரிபண்ண முடியுமா?"

"முடியும். கப்பல்ல இருந்து கழட்டின டிரான்ஸ்ஃபார்மர் ஒண்ணு இதே அளவுல இருக்கு. மத்தியானத்துக்குள்ள மாட்டிரலாம். பாடும். நல்லாவே பாடும்."

"அப்ப அதையே மாட்டிருங்க! இவோனுக்குத் தெரியவே வேணாம்."

"மாட்டலாம். ஆனா உள்ள என்ன செஞ்சேன், ஏன் செஞ்சேன்னு எழுதாம நான் மூடியை மூட மாட்டேன். அது என் பழக்கம்."

"உள்ளதானே? யாருங்க பார்க்கப் போறாங்க?"

"அடுத்தாப்ல திறக்கிறவங்க," என்றார் ஹென்னி. "எங்க வேலையில கடிதப் போக்குவரத்தே அதுதான். முன்னப்பின்ன தெரியாத ஆளுக்கு எழுதறோம். அதுல பொய் எழுதினா அவன் தப்பான இடத்துல கை வைப்பான்." அவர் கவிழ்த்திருந்த பலகையைத் திருப்பி, அவன் மடியில் வைத்தார். "உங்க மாமனாருக்கும் அந்தப் பழக்கம் இருந்திருக்கு. படிங்க."

வழவழப்பான ஒட்டுப்பலகை. ஓரத்தில் மெல்போர்ன் கடையின் ஸ்டிக்கர். அதில் போன் நம்பரைத் தவிர ஒன்றுமில்லை. நடுவில் பென்சிலில், நுணுக்கி எழுதிய சாய்வெழுத்து. பிறந்தநாள் வாழ்த்து அட்டைகளில் லீத் பார்த்துப் பழகிய அதே எழுத்து.

'மே 1964. முதல் தடவை பாடியது. ஜோன் அழுதாள்.' ஜோன், இவோனின் அம்மா.

'1972. வால்வு இரண்டு மாற்றினேன்.'

'ஆகஸ்ட் 1981. டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோனது. பூனை கம்பியைப் பிடுங்கிவிட்டது என்கிறாள் இவோன். எங்கள் வீட்டில் பூனை கிடையாது. புதிதாகக் கம்பி சுற்றிப் போட்டேன். மூன்று வாரம். அவளிடம் எதுவும் கேட்கவில்லை.'

லீத் அதை இரண்டு தடவை படித்தான். மூன்றாவது தடவை படிக்க முடியவில்லை, எழுத்து கலங்கியது. பதினாறு வயது இவோன், இல்லாத பூனை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா முன்னால் நிற்பது அவனுக்குத் தெரிந்தது. கல்யாணமான முதல் வாரத்தில் அந்த முகம் ஏன் அவ்வளவு தீவிரமாக இருந்தது என்பதும் தெரிந்தது.

"அவளுக்கு இது தெரியாது," என்றான். "அவர் கடைசிவரைக்கும் சொல்லல."

"தெரிஞ்சிருக்காதுன்னுதான் நினைச்சேன்." ஹென்னி டிரான்ஸ்ஃபார்மரை விரலால் தொட்டார். "இப்ப விஷயம் இதுதான். எரிஞ்சது அவர் கையால சுத்தின கம்பி. அதே இரும்பை வச்சு, நான் பிரிச்சு எண்ணி, அதே கணக்குல திரும்பச் சுத்தலாம். ஆறு வாரம் ஆகும். இல்லைன்னா கப்பல்ல இருந்து வந்ததை இப்பவே மாட்டலாம். ஆனா அவர் சுத்தினதை வெட்டணுமா வேணாமான்னு நீங்க சொல்லக் கூடாது, நானும் சொல்லக் கூடாது. அவர் பொண்ணுதான் சொல்லணும்."

லீத் போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்தான். கொட்டகைக் கதவு வழியே ஹென்னி மிச்சமிருந்த பலகாரத்தைத் தின்பது தெரிந்தது. பர்னியில் இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

"என்னடா, வெள்ளிக்கிழமை காலைல?" இவோன்தான். பின்னால் அக்காவின் கெட்டில் கூவியது. "கழுவாத தட்டு எத்தனை சேர்ந்திருக்கு? உண்மையைச் சொல்லு."

"பதினொண்ணு. இவோன், கொஞ்சம் உக்காரு."

"யாருக்கு என்ன ஆச்சு?"

"உங்கப்பாவுக்கு." சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று உறைத்தது. "ஆம்ப்ளிஃபயரைச் சொல்றேன். ஸ்பீக்கர் மாட்டாம போட்டுட்டேன். நான்தான். வேற யாரும் இல்ல. கவனமில்லாம இருந்துட்டேன். டிரான்ஸ்ஃபார்மர் எரிஞ்சு போச்சு."

கெட்டில் கூவிக்கொண்டே இருந்தது. யாரோ அதை அணைத்தார்கள்.

"எங்க இருக்க?" என்றாள் இவோன். குரல் தட்டையாக இருந்தது.

"கிங்ஸ்டன்ல. ஒருத்தங்ககிட்ட கொண்டாந்திருக்கேன். நல்லவங்க. நான் சொன்ன பொய்யைக் கண்டுபிடிச்சுட்டாங்க, அதனால சொல்றேன். இவோன், ஒண்ணு கேக்கணும். உங்க வீட்டுல இருந்த பூனைக்குப் பேரு என்ன?"

"எங்க வீட்டுல பூனையே..." என்று ஆரம்பித்தவள் நின்றுவிட்டாள்.

பலகையில் அவள் அப்பா பென்சிலால் எழுதியிருந்த மூன்று குறிப்புகளையும் லீத் மெதுவாகச் சொன்னான். ஜோன் அழுததை. மூன்று வாரத்தை. கேட்காமல் விட்டதை. மறுமுனையில் இவோன் மூச்சை இழுத்து விடுவது கேட்டது. அது சிரிப்பா அழுகையா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. கொட்டகை வாசலில் ஹென்னி வந்து நின்று, காதுக்குப் பின்னால் செருகியிருந்த பென்சிலை எடுத்து அவனிடம் நீட்டினார். அவன் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். நுனி கூராகச் சீவியிருந்தது.

"மூடுறதுக்கு முன்னால என்ன நடந்துச்சுன்னு ஒரு வரி எழுதணுமாம்," என்றான். "என் கையில பென்சில் குடுத்திருக்காங்க. எனக்கு எழுத வரல, இவோன். உங்கப்பா எழுத்துக்குக் கீழ என் எழுத்து வேணாம். ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போகாம நேரா இங்க வந்து, அவர் சுத்தின கம்பியைத் திரும்பச் சுத்தறதா, வேற மாட்டறதான்னு நீயே சொல்லிட்டு, எனக்காக அந்த வரியை உன் கையால எழுதித் தர்றியா?"