குனிந்த தலை

ஊர் ஊராக லுங்கி விற்கும் பரந்தாமன் மூட்டையைத் தோளிலிருந்து இறக்கினான். சட்டைப் பையிலிருந்து சோப்பு டப்பா அளவில் ஒரு சாமானை எடுத்து, மொட்டையடிக்கும் கஜபதியின் கையில் வைத்தான். தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவதாகத்தான் கஜபதி இருந்தான். கிருத்திகை நாள். முருகன் மலையடிவாரத்தில் சரவணப் பொய்கைப் பக்கம், மொட்டையடிக்கிறவர்கள் வரிசையாக உட்காரும் கொட்டகையில் ஈரத் தலைகளும் பிள்ளைகளின் அழுகையுமாக நிற்க இடமில்லை. ஆனால் அந்தச் சாமான் ‘பீப்’ என்றது. சாம்பல் நிறக் கண்ணாடிக்குள் மேலேயிருந்து மாங்காய்கள் விழுந்தன. கீழே குண்டூசித் தலையன் ஒருவன் கூடையோடு நின்றான். இடது பொத்தானை அமுக்கினால் இடப்பக்கம் ஓடினான், வலதை அமுக்கினால் வலப்பக்கம். நாலு மாங்காய் கூடைக்குள் விழுந்ததும் கஜபதிக்குத் தலைகால் புரியவில்லை.

“வீடியோ கேம்ணா. பர்மா பஜார்ல வாங்கினது. பழசுதான், ஆனா சூப்பரா ஓடுது. என் புள்ள ராப்பகலா இதையே நோண்டிகினு கீறான், பரீட்சை வருது. நூத்தம்பது குடுத்துட்டு நீயே வெச்சிக்க” என்றான் பரந்தாமன்.

“நமக்கு எதுக்கு இது?” என்றாள் தேவகி. கஜபதியின் மனைவி. அவன் மழித்துவிட்ட தலைகளுக்குச் சந்தனம் பூசுவது அவள் வேலை. பதில் வராததால் குரலை உயர்த்தினாள். “பாவா, உன்னத்தான்! எவ்ளோ நேரமா கூப்புடறேன், குனிஞ்ச தலை நிமிரவே இல்லியே!”

கஜபதி சட்டென்று நிமிர்ந்தான். குனிந்த தலை! பெட்டியைச் சாய்த்துப் பிடித்தால் வெளிச்சம் பட்டுக் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. நேர் மேலே குனிந்தால்தான் மாங்காயே தெரிகிறது. அப்படியென்றால் இதைக் கையில் வாங்குகிற எந்தப் பிள்ளையும் பிடரியைத் தானாகவே கத்திக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இது தோன்றியதும் பெட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

போன கிருத்திகையில் ஒரு குழந்தை திமிறியதில் கத்தி காதுக்கு மேலே கீறிவிட்டது. சின்னக் கீறல்தான். ஆனால் ரத்தத்தைப் பார்த்த அந்தத் தாய் போட்ட கூச்சல் மலைமேல் கேட்டிருக்கும். அன்றிலிருந்து பிள்ளை அழுதாலே கஜபதிக்குக் கை நடுங்கியது. நடுங்குகிற கையிடம் யார் பிள்ளையைக் கொடுப்பார்கள்? பக்கத்துப் பலகையில் மொட்டையடிக்கும் பஞ்சாட்சரம் பிள்ளைகளை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு வேலையை முடித்துவிடுவான். கஜபதிக்கு அதற்கு மனசு வராது. பிள்ளைகளெல்லாம் அந்தப் பக்கம் போக, இவனுக்கு வழுக்கைக் கிழவர்கள் மிஞ்சினார்கள்.

“ஃபேன் வாங்க வெச்ச காசு அது” என்றாள் தேவகி, முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு. “ராத்திரி எல்லாம் வேர்த்து ஊத்துது. நீ பொம்மை வாங்கப் போறியா?”

“பஸ்சு வர்ற வரைக்கும் வெச்சுப் பாருக்கா” என்று பரந்தாமன் நடுவில் புகுந்தான். “பொதட்டூர்பேட்டை பஸ்சு வந்தா நா ஏறிடுவேன். அங்க ஒர்த்தன் கேட்டுகினு கீறான்.”

அப்போது ஒரு தகப்பன், கை காலை உதறிக்கொண்டிருந்த மகனைப் பஞ்சாட்சரத்தின் பக்கம் தூக்கிக்கொண்டு போனான். ஐந்து வயதிருக்கும். கஜபதி பெட்டியை நீட்டி ஒரு முறை ‘பீப்’ அடித்துக் காட்டினான். பையனின் அழுகை பாதியில் நின்றது. தகப்பனின் பிடியிலிருந்து வழுக்கி இறங்கி, பெட்டியை வாங்கிக்கொண்டு, கஜபதியின் பலகையில் தானே உட்கார்ந்தான். தலை குனிந்தது.

கஜபதி தண்ணீர் தொட்டுத் தேய்த்தான். கத்தியை வைத்தான். உச்சியிலிருந்து நெற்றிக்கு ஒரு இழுப்பு. அசையவில்லை! பிடரிக்கு ஒரு இழுப்பு. அசைவே இல்லை! எத்தனை மாங்காய் பிடித்தான் என்று எட்டிப் பார்க்க ஆசை பிடுங்கித் தின்றது. பல்லைக் கடித்துக்கொண்டான். காதுக்கு மேலே வந்தபோதுதான் தன் கையைப் பார்த்தான். அது நடுங்கவில்லை. ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது அவனுக்கு.

தேவகி சந்தனத்தைப் பூசி முடித்ததும் தகப்பன் பெட்டியைப் பிடுங்கித் திருப்பிக் கொடுத்தான். அவ்வளவுதான். பையன் தரையில் விழுந்து புரண்டு, மொட்டைக்கு அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதான். கொட்டகையே திரும்பிப் பார்த்தது.

“கெட்டுது போ” என்றாள் தேவகி. “சும்மா இருந்த புள்ளைய அழ வெக்கறதுக்கு நூத்தம்பது ரூபாயா?”

கஜபதிக்கு முகம் சுண்டிப்போனது. சாலைப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. பரந்தாமன் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கையை நீட்டினான். “இன்னாண்ணா, பணமா, பெட்டியா?”

அதற்குள் தரையில் கிடந்த பையன் தொண்டை கிழியக் கத்தினான். “எனக்கு இன்னொரு தபா மொட்டை அடிங்க!”

வரிசையில் அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக வாயை மூடின. பஞ்சாட்சரத்தின் முழங்கால் பிடியிலிருந்து ஒரு பெண்குழந்தை நழுவி எழுந்தது. பாதித் தலை மழமழவென்றும் பாதித் தலையில் ஈர முடி தொங்கியும் இருந்தது. “ஏய், எங்க போற?” என்று பஞ்சாட்சரம் கத்தியோடு எட்டிப் பிடிப்பதற்குள், நேராக வந்து கஜபதியின் பலகையில் உட்கார்ந்து கையை நீட்டியது. அதன் பின்னால் இன்னும் இரண்டு மூன்று பிள்ளைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன.

கஜபதி தேவகியைப் பார்த்தான். தேவகி, சாலையிலிருந்து பஸ் ஹாரன் மறுபடியும் கேட்க, நீட்டியபடி நின்ற பரந்தாமனின் கையைப் பார்த்தாள். காசு முடிச்சை அவிழ்க்கலாமென்றால் அவளுக்கு முழங்கைவரைக்கும் சந்தனம். அவன் நீட்டிய உள்ளங்கையில் ஒரு பிடி சந்தனத்தை அப்பினாள்.

“சித்த இரு தம்பி. இந்தப் புள்ள தலை முடியட்டும்.”

பரந்தாமன் மூட்டையோடு, சந்தனக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். கீழே அந்தப் பாதி மொட்டை குனிந்தது. ‘பீப்’ என்றது பெட்டி.