அட்டவணையில் ஒரு பிறந்தநாள்

கடல் தாண்டிய நாட்டில் ரொட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்த அண்ணன், குடியுரிமை கிடைத்த கையோடு தங்கைக்காக மனுப் போட்டார். கூடப்பிறந்தவள் குடும்பத்தோடு அங்கே வந்து குடியேற அனுமதி கேட்கும் மனு. அது அங்கே அலுவலகத்தில் பதிவான நாளும், இங்கே தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்த நாளும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

அண்ணன் அனுப்பிய ரசீது நகலைப் பார்த்துவிட்டு, "ரெட்டைப் பிள்ளை பெத்திருக்கே" என்றார் அவள் கணவர். அன்றிலிருந்து அந்த மனுவுக்கு வீட்டில் 'ரெட்டை' என்றே பெயர்.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவள். கணவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். மாதம் ஒருமுறை அந்த நாட்டு அரசு வெளியிடும் விசா அட்டவணையை, கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில் போனில் திறந்து பார்ப்பாள். குடும்ப உறவில் போகிறவர்களுக்கு ஒன்று, வேலைக்காகப் போகிறவர்களுக்கு ஒன்று என இரண்டு அட்டவணை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தேதி இருக்கும். மனு பதிவான நாளை வைத்து யாருக்கு விசா தயார், யார் இன்னும் காத்திருக்க வேண்டும் என்று அந்தத் தேதிதான் சொல்லும். அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளுக்கான கட்டம் குடும்ப அட்டவணையின் அடிவரியில் இருந்தது.

அந்தத் தேதி சில மாதம் நகரும், சில மாதம் அசையாது. ஒரு வருடம் திடீரென்று பின்னால் போனது.

"தேதி எப்படிங்க பின்னாடி போகும்?"

"கேக்கறவங்க ஜாஸ்தி, இருக்கற விசா கம்மி. கதவப் பாதி சாத்திட்டாங்க" என்றார் கணவர். பிறகு வேலை அட்டவணையையும் எட்டிப் பார்த்தார். "ஏதாச்சும் கம்பெனி என்னைக் கூப்பிட்டிருந்தா இங்கயும் நமக்கு ஒரு வரி இருந்திருக்கும்."

"யாரும் கூப்பிடலையே."

"அதத்தான் நானும் சொல்றேன்."

மகள் நடக்கப் பழகினாள், பல் விழுந்து முளைத்தது, அம்மாவைவிட உயரமானாள். "ரெட்டைல ஒண்ணு பத்தாவது வந்துடுச்சு, இன்னொண்ணு இன்னும் தவழ்ந்துக்கிட்டே இருக்கு" என்று கணவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

ஒரு நாள், லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில் அவள் அட்டவணையைத் திறந்தாள். அடிவரிக்கு இறக்கினாள். நாள், மாதம், வருடம் மூன்றும் மகளுடையவை. தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அதேதான். முகம் தெரியாத யாரோ, அவள் கேள்விகூடப் படாத ஓர் அறையில் உட்கார்ந்து, அவள் பிரசவ வலியின் நாளைத் தட்டச்சு செய்திருக்கிறார்கள். அதை இந்த நேரத்தில் எத்தனை ஊர்களில் எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்ததும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

கணவருக்குப் போன் செய்தாள். அவர் பஸ்ஸுக்கு அடியிலிருந்து பேசினார்.

"பாப்பா பிறந்தநாள் போட்டிருக்குங்க."

"எங்க போட்டிருக்கு?"

"உலகத்துக்கே போட்டிருக்காங்க!"

சாயங்காலம் மூன்று பேரும் அண்ணனை அழைத்தார்கள். அவர் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"அம்மாடி, அவசரப்படாத. மேல எழுதியிருக்கறதப் படி. அந்தத் தேதிக்கு முன்னாடி பதிவாயிருக்கணும். அதே தேதின்னா ஆகாது."

மகள்தான் முதலில் கேட்டாள். "அப்ப நான் ஒரு நாள் முன்னாடியே பிறந்திருக்கணுமாம்மா?"

கணவர் பக்கென்று சிரித்துவிட்டார். போனில் அண்ணனும் சிரித்தார். அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தங்களுக்கு முந்தின நாள் பதிவான யாரோ ஒருவர் உள்ளே போயிருக்கிறார், அடுத்தது தாங்கள்தான். இத்தனை வருடமும் வரிசை என்பது அவளுக்கு வெறும் தேதி. இப்போது முதல்முறையாக அதில் ஒரு முதுகு தெரிந்தது.

அதன்பின் அட்டவணை மாதக்கணக்கில் அசையவில்லை. ஒவ்வொரு முறையும் அதே பிறந்தநாள். பார்ப்பதையே விட்டுவிடலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாதம் தேதி நகர்ந்தது. கொஞ்சமில்லை, சில வாரங்கள் தாண்டிப் போயிருந்தது. அவள் கத்தவில்லை. கையிலிருந்த லென்ஸைப் பொருத்தி, துடைத்து, காத்திருந்தவரிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, பின்னறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

மருத்துவச் சோதனை, சான்றிதழ்கள் என்று அலைந்து முடித்தபின் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. தூதரகத்தின் காத்திருப்புக் கூடம் நிறைந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி பேச்சுக் கொடுத்தாள்.

"உங்களுக்கு எந்தத் தேதி?"

அவள் சொன்னாள்.

"அட, எங்களுக்கு அதுக்கு மூணாம் நாள். எங்கக்கா போட்ட மனு. அப்ப எங்களுக்குக் கல்யாணமே ஆகல." அந்தப் பெண்மணிக்கு மறுபக்கம் அவளுடைய இரண்டு பையன்கள் தோளை இடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

முன்வரிசையில் கைத்தடியோடு இருந்தவர் திரும்பினார். "எனக்கும் அதே வாரம்தாம்மா. அப்ப நான் லாரி ஓட்டிக்கிட்டிருந்தேன்."

"எனக்குப் போன வருஷத் தேதிதான்" என்றாள் வேலை வழியாகப் போகும் நர்ஸ் ஒருத்தி. ஏதோ தப்புச் செய்துவிட்டவள் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

மகள் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். "அம்மா, இவங்கள்லாம் இத்தனை வருஷமா நம்ம கூடவேவா வந்துக்கிட்டிருந்தாங்க?"

அவள் ஆமென்று தலையசைத்தாள். தனக்கு மூன்று நாள் தள்ளி ஒரு முழு வாழ்க்கை நடந்து வந்திருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ. கண்ணுக்குத் தெரியாத பெரிய ஊர்வலம் ஒன்று திடீரென்று ஓர் அறைக்குள் வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது.

அவர்களுடைய டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்த அதிகாரி சில கேள்விகள்தான் கேட்டார். காகிதங்களைப் புரட்டினார், மகளைப் பார்த்தார், "விசா கொடுத்தாச்சு, போயிட்டு வாங்க" என்றார். கணவர் அவருக்கு மூன்று முறை நன்றி சொன்னார்.

திரும்பி வரும்போது கூடத்தில் எல்லா முகங்களும் அவர்கள் பக்கம் நிமிர்ந்தன. அந்தப் பெண்மணி எட்டி அவள் கையைப் பிடித்தாள்.

"ஆச்சா?"

"ஆச்சு."

முன்வரிசைக்காரர் கைத்தடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். அவள் அந்தக் கையை விடாமல், அந்தப் பெண்மணியின் எண்ணைக் கூப்பிடும்வரை அங்கேயே நின்றாள்.