படுக்காத யானை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் ஆண்டு வெல்லாவெளிப் பள்ளிக்கு வந்த சாமித்தம்பி வாத்தியாருக்குத் தெரியாத காட்டுமிருகமே கிடையாது. அவர் நேரில் கண்டது வண்டி மாட்டை மட்டும்தான்.

"யானை எப்பிடி வாத்தியார் நித்திரை கொள்ளும்?" என்று வகுப்பில் வள்ளிநாச்சி கேட்டாள்.

"நின்றுகொண்டுதான். படுத்தால் அதுக்கு எழும்ப ஏலாது. புத்தகத்தில அப்பிடித்தான் இருக்கு."

"முந்தநாள் எங்கட வட்டை வயலுக்குள்ள படுத்துக் கிடந்ததே."

புத்தகத்தை விட்டு வயலை நம்பிய குற்றத்துக்கு அவள் உள்ளங்கையில் இரண்டு பிரம்படி விழுந்தது.

அறுவடை முடிந்ததும் வீட்டுக்கு ஒரு மூட்டை நெல் வாத்தியாருக்குக் கொடுப்பது ஊர் வழக்கம். வள்ளிநாச்சியின் தகப்பன் மட்டும் வெறுங்கையோடு வந்தார்.

"உங்களுக்கெண்டு வயலில விட்ட மூலையிலதான் யானை படுத்தது. அது படுக்காதெண்டு சொன்னீங்களாம். அப்ப வேளாண்மைக் கதிர் நிமிந்துதான் நிக்கும். நீங்களே போய் வெட்டி எடுங்க."