ஷம்ஷேர் ராஜா தூக்கின கத்தி

எங்க வீட்டுக்காரர் பேரை என் வாயால சொல்ல மாட்டேன். சொன்னா புருஷன் ஆயுசு கொறையும்னு சொல்லித்தான் என்னை வளத்தாங்க. அதனால நான் எப்பவும் "அது"ன்னுதான் சொல்றது. அது வந்துச்சு, அது துன்னுச்சு, அது தூங்குச்சு. அந்த அது பட்டாளத்துக்குப் போறேன்னு ஒத்தக் கால்ல நின்ன கதையைத்தான் இப்ப சொல்றேன்.

ஜெர்மன் சண்டை நடந்துக்கினு இருந்த நேரம். ஆம்பூர்ல தோல் பதம் பண்ற ஒரு ஷாப்புல எங்க ரெண்டு பேருக்கும் வேலை. அது தோல்ல ஒட்டின சதையைச் சீவும். நான் பக்கத்துக் கொட்டாயில பொம்பளைங்களோட, தோலை ஊறப்போட ஆவாரம்பட்டை இடிப்பேன். நடுவுல ஆபித் பாஷா பாய் உக்காந்து தோலைத் தரம் பிரிப்பார். கை தோலைத் தடவிக்கினே இருக்கும், வாய் கதை சொல்லிக்கினே இருக்கும். ஷம்ஷேர் ராஜான்னு ஒருத்தனாம். அவனுக்குப் பறக்கற குதிரை, பேசற கத்தி. ஒரு வீசு வீசினான்னா ஆயிரம் பேர் சாய்வாங்க. மறு வீசுக்கு இன்னொரு ஆயிரம். வெட்டுப்பட ஜனங்க எங்கேர்ந்துதான் கெடைப்பாங்களோ, கம்மியே ஆவாது.

எங்க வீட்டுக்காரர் நல்ல மனுஷன்தான். சேவல் முறைச்சாக்கூட ஒதுங்கிப் போற ஆளு. இந்தக் கதை கேக்க ஆரம்பிச்சதும் மீசைக்கு எண்ணெய் தடவ ஆரம்பிச்சிடுச்சு. வீட்ல கரண்டியைக்கூட சும்மா எடுக்காது, உருவும். ஒரு நாள் கூழைக் குடிச்சிட்டு, "திங்கக்கெழமை பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வர்றாங்களாம். நான் போறேன். எத்தினி நாளைக்கு செத்த மாட்டாண்டயே வீரத்தைக் காட்டறது?"ன்னுது. அதை விட்டா எனக்கு நாதி ஏது?

நேரா பாயாண்ட போனேன். "நீங்கதான ஏத்தி வுட்டீங்க, நீங்களே எறக்கி வுடுங்க"ன்னேன்.

"நான் இன்னாம்மா பண்ணேன்? கதையில நாலு தலை உருண்டாதான் இவனுங்களுக்கு வேலையில கை ஓடுது."

"சண்டைன்னா வலிக்கும்னு சொல்லுங்க. போதும்."

பாவம், நல்ல மனசுதான் அவருக்கு. அன்னிக்கே ஷம்ஷேர் ராஜாவோட எடது கையை வெட்டிட்டார். நான் எட்டிப் பாத்தேன். அது வாயைப் பொளந்துக்கினு, "ஒத்தக் கையாலயே அவ்ளோ பேரையும் வெட்டினானா பாய்?"னு கேக்குது. மறுநாள் ராஜாவையே சாகடிச்சார். ஷாப்பே அழுதுச்சு. அதுதான் எல்லாரையும்விட ஜாஸ்தி அழுதுச்சு. அழுது முடிச்சு மூக்கைச் சிந்திட்டு, "செத்தா இப்டி சாகணும்"னுது. எனக்கு வந்த கோவத்துக்கு உலக்கையோட போயிருப்பேன். அதுக்குள்ள பாய் கதையில ஒரு மூலிகையைத் தேடிப் புடிச்சு, வெட்டின கையையும் ஒட்ட வச்சு, ராஜாவை எழுப்பி உக்கார வச்சார்.

அன்னிக்கு சாயங்காலம் பாயை மறுபடியும் நிறுத்திக் கேட்டேன். "அந்த ஆயிரம் பேர் யாரு பாய்?"

"எதிரிங்க."

"அவங்களுக்குப் பேரு?"

"ஆயிரம் பேருக்கும் பேர் சொல்ல நான் இன்னா ஜனக்கணக்கு எடுக்கறவனா?"

"ஒருத்தனுக்கு வைங்க."

"இன்னா பேரு?"

எனக்கு வாய் வரல. மோவாயை மட்டும் அது பக்கமா காட்டினேன். பாய் பாத்தார். தாடிக்குள்ளயே சிரிச்சார்.

மறுநாள் கதையில எதிரிப் படை வந்து நின்னுச்சு. முன்வரிசையில மொதல் ஆளா எங்க வீட்டுக்காரர் பேர்லயே ஒருத்தன். ஷாப்புல ஒரே சிரிப்பு.

"பாய், அது என் பேராச்சே."

"இருந்தா இன்னா? ஷம்ஷேர் ராஜா கத்தியைத் தூக்கினான்."

"இருங்க, இருங்க. என்னை எதுக்கு வெட்டறான்? நான் இன்னா பண்ணேன்?"

"எதிர்ல நிக்கற."

"நிக்கச் சொன்னாங்க, நின்னேன். அவனை நான் பாத்ததுகூட இல்ல பாய்."

"அதெல்லாம் ராஜாவுக்குத் தெரியாது."

"கேக்கச் சொல்லுங்க."

"ஒவ்வொருத்தனா கேட்டுக்கினு இருந்தா ஆயிரம் பேரை எப்ப வெட்டறது?"

பக்கத்துல சீவிக்கினு இருந்த அந்தோணி வயித்தைப் புடிச்சுக்கினு சிரிச்சான். "ரெண்டாவதா நிக்கறவன் அந்தோணி"ன்னார் பாய். சிரிப்பு நின்னுச்சு. அப்புறம் ஆளாளுக்கு மனு போட ஆரம்பிச்சாங்க. எனக்குக் குழந்தை இருக்கு, எனக்கு முதுகு வலி, எங்கம்மாவுக்குக் கண்ணு தெரியாதுன்னு. பாய் பேர் சொல்றதும், அந்த ஆளு பொசுக்குனு தலையை மூடிக்கினு குந்தறதும், அந்த வாரம் பூரா அதுதான் கூத்து. கத்தி மேலயே நின்னுச்சு. ஒருத்தனும் எறக்க விடல.

திங்கக்கெழமை ஆள் எடுக்கறவர் வந்துட்டார். தமுக்கு, மேசை, மேசை மேல பளபளன்னு ஒரு ஜோடி பூட்ஸ். பூட்ஸைப் பாத்ததும் அதுக்குக் கதையெல்லாம் மறந்துபோச்சு. போய் வரிசையில நின்னுடுச்சு. பின்னாலயே அந்தோணி. நான் உடம்பெல்லாம் பட்டைத்தூளோட கொட்டாய் வாசல்ல நின்னேன்.

அவர் அதோட கையைப் புடிச்சு அமுக்கினார். பல்லைப் பாத்தார். முதுகுல ஒரு தட்டு தட்டி, எழுதறவர்கிட்ட சொன்னார், "நல்ல உருப்படி. எழுதிக்கோ."

எங்க ஷாப்புல உருப்படின்னா தோலு. இன்னிக்கு நூறு உருப்படி வந்துச்சு, பத்து உருப்படி ஓட்டை, மிச்சத்தைச் சுண்ணாம்புத் தொட்டியில போடுன்னு தெனம் கேக்கற வார்த்தை. அதைக் கேட்டதும் எனக்கு எங்கேர்ந்துதான் தைரியம் வந்துச்சோ.

"அய்யா, அது உருப்படி இல்ல. கன்னியப்பன்."

உலக்கைச் சத்தம் நின்னுபோச்சு. பொண்டாட்டி வாயால புருஷன் பேரு. பேரைக் கேட்டதும் அது இன்னா பண்ணுச்சு தெரியுமா? ரெண்டு கையாலயும் தலையை மூடிக்கினு, அப்டியே குந்திடுச்சு. வாரம் பூரா பழகின பழக்கம்.

"இன்னாய்யா, யார் உன்னை அடிச்சா?"ன்னார் அவர்.

கத்தி வருதான்னு அது ஒரு தரம் அண்ணாந்து பாத்துச்சு. அப்புறம் எழுந்து, மெல்ல வரிசையை விட்டு வந்து என் பக்கத்துல நின்னுக்கிச்சு. அந்தோணியும் நைசா நழுவிட்டான். பயந்தாங்கொள்ளிப் பசங்கன்னு சொல்லிட்டு அவர் மேசையைத் தூக்கிக்கினு அடுத்த ஷாப்புக்குப் போய்ட்டார்.

வீட்டுக்கு வந்து அது கை கால் கழுவிச்சு. அப்புறம், "என் பேரைச் சொல்லிட்டியே"ன்னுது.

"ஆயுசு கொறைஞ்சிடுமா?"ன்னு கேட்டேன். கேக்கறப்பவே அழுகை வந்துடுச்சு.

"இன்னொரு தரம் சொல்லு"ன்னுது. நான் சொல்லல.

மறுநாள் பாய் தோலை விரிச்சுக்கினு ஆரம்பிச்சார். "ஷம்ஷேர் ராஜா தூக்கின கத்தியோட அங்கயே நிக்கறான். இப்ப இன்னா பண்றது?"

எல்லாரும் அதோட மூஞ்சியைப் பாத்தாங்க. அது குனிஞ்ச தலை நிமிராம சீவிக்கினே சொல்லுச்சு.

"எவ்ளோ நாளா தூக்கிக்கினு நிக்கறான். கை கடுக்கும் பாய், எறக்கிக்கச் சொல்லுங்க."