தொட்டியோரக் கூட்டம்

முந்நூறு வீடுள்ள எங்கள் ஊருக்குக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் வந்தபோது அதைத் திறந்துவைக்க ஒன்பது பேர் வந்தார்கள். நடத்துவதற்கு ஒரே ஒருவன்தான் கிடைத்தான். அவன் ஊராட்சி மன்றத் தலைவியின் தம்பி. சொந்தக்காரனுக்கு வேலை போட்டுக் கொடுத்துவிட்டாள் என்று யாரும் வாய் திறக்கவில்லை. அந்த வேலைக்குப் போட்டியே இல்லை. ஊர் தன் பங்குக்கு அவனுக்குச் சாக்கடை டாக்டர் என்று பட்டம் கொடுத்தது. அக்கா தன் பங்குக்கு, குளித்துவிட்டு உள்ளே வரச் சொல்லி வீட்டுக்குப் பின்னால் தனிக் குழாய் போட்டுக் கொடுத்தாள்.

டாக்டரின் நோயாளிகள் கண்ணுக்குத் தெரியாதவர்கள். பெரிய தொட்டியில் அழுக்கைத் தின்று வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். அவற்றுக்கு மூச்சுவிடக் காற்று வேண்டும். காற்றை அடியிலிருந்து ஊதும் மோட்டார் ஒரு திங்கட்கிழமை காலை புகைவிட்டு நின்றது.

அக்காவிடம் ஓடினான்.

"எழுதிக் குடுடா," என்றாள்.

எழுதிக் கொடுத்தான். மூன்றே நாளில் தொட்டி கறுத்தது. ஐந்தாம் நாள் அழுகின முட்டை வாடை ஊருக்குள் வந்து வீடு வீடாக நலம் விசாரித்தது. மேலிடத்துப் பொறியாளர் பார்வையிட வந்தார். காரைவிட்டு இறங்கவில்லை, கண்ணாடியையும் இறக்கவில்லை. உள்ளே இருந்தபடியே கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். நிலையம் திருப்திகரமாக இயங்குவதாக அறிக்கை வந்தது.

மன்றம் மட்டும் சும்மா இருக்குமா? ரோஜா சென்ட் இரண்டு பெட்டி வாங்கி அனுப்பியது.

"தொட்டிக்கு மேல அடிச்சு விடு."

"அக்கா, அதுங்க மூச்சு முட்டிச் சாகுதுங்க. நீ சென்ட் அடிக்கச் சொல்றே!"

"இங்க தலைவி நானா, நீயா?"

அடித்தான். அதுவரை சாக்கடை மட்டும்தான் நாறியது. அன்றிலிருந்து ரோஜாவும் நாற ஆரம்பித்தது.

அந்த வாரம் மன்றக் கட்டடத்துக்கு வெள்ளையடித்தார்கள். மாதக் கூட்டத்துக்கு இடமில்லை. தம்பி முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "நிலையத்துல ஒரு ரூம் காலியா இருக்கு. இருபது நாற்காலி, நாலு ஃபேன்," என்றான்.

"அங்கயா?" அக்கா முறைத்தாள்.

"ஏன்க்கா? திருப்திகரம்னு அறிக்கையே சொல்லுதே."

அறிக்கையைப் பொய் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பொறியாளருக்கும் அழைப்பு போனது. அவருக்கும் மறுக்க வழியில்லை.

தம்பி ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவைத்து, ஃபேனை முழு வேகத்தில் சுழலவிட்டான். வழக்கமாக வரவேற்புரையே அரை மணி நேரம் ஓடும். அன்று வரவேற்க எழுந்தவர் வாயைத் திறந்தார். அதுதான் அவர் செய்த தப்பு. அப்படியே உட்கார்ந்துவிட்டார். தெருவிளக்கைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடியவர், தெரு இருட்டாகவே இருக்கட்டும் என்று சைகை காட்டினார்.

"மோட்டார் எப்ப சார் வரும்?" அக்கா கைக்குட்டைக்குள்ளிருந்து கேட்டாள்.

"வியாழக்கிழமை!" பொறியாளர் ஏற்கெனவே கதவருகில் நின்றார்.

"எழுதிக் குடுங்க."

சுவரில் தாளை வைத்து நின்றபடியே எழுதிக் கொடுத்தார். மொத்தம் பதினோரு நிமிடம். உறுப்பினர்களின் அயராத உழைப்பால் பிரச்சினை தீர்ந்ததாகக் கூட்டக் குறிப்பில் பதிவானது.

வியாழக்கிழமை மோட்டார் வந்தது. பக்கத்து ஊர் நிலையத்திலிருந்து தம்பி உயிருள்ள நுண்ணுயிர்கள் நிறைந்த சேறு ஒரு லாரி கொண்டுவந்து, பாலுக்கு உறை ஊற்றுவதுபோல் தொட்டியில் ஊற்றினான். மூன்றாம் வாரம் கறுப்பு மாறிப் பழுப்பு வந்தது. வாடை போயே போய்விட்டது.

ஒருநாள் அக்கா தனியாக வந்து தொட்டியை எட்டிப் பார்த்தாள்.

"இதுங்க என்னதான்டா சாப்பிடும்?"

"நாம சாப்பிட்டு முடிச்சதைத்தான்."

அவன் பக்கம் திரும்பினாள். "நீ ஒருநாள்கூட லீவு கேக்கலையே."

"அதுங்களுக்கு லீவு இல்லையேக்கா."

"ஞாயித்துக்கிழமை நான் பாத்துக்கறேன். நீ போய்த் தூங்கு. எந்த சுவிட்ச்னு மட்டும் காட்டு."

காட்டினான். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் அவனுக்குப் பதினான்கு தடவை போன் வந்தது. பதினான்கு தடவையும் ஒரே கேள்வி:

"டேய், குமிழி வருது. இது நல்ல குமிழிதானே?"