நாலு எலுமிச்சம்பழமும் ஆறு சக்கரமும்

ஒரு கடலின் விலை நாற்பத்தோராயிரத்து இருநூறு பவுண். விற்றவன் கேட்டது நாற்பத்தாறாயிரம். கிருஷ்ணராசா இரண்டு மணித்தியாலம் நின்று, அவன் கொடுத்த தேநீரையே மூன்று தரம் குடித்து, கோபித்துக்கொண்டு கேற்றடி வரை போய்த் திரும்பி, அந்த விலைக்கு இறக்கினார். கடலோடு இனாமாக வந்தவை ஆறு சக்கரம், இரண்டு கட்டில், ஒரு காஸ் அடுப்பு, பக்கவாட்டில் ஓர் அகன்ற யன்னல். ரசீதில் மோட்டர்ஹோம் என்று எழுதியிருந்தது. ஆனால் வாங்கியது யன்னலைத்தான் என்று அவருடைய மனைவி சிவனேஸ்வரிக்குத் தெரியும். அப்டன் பார்க்கில் பலசரக்குக் கடை திறந்த இரண்டாம் வருஷம், கல்லாவில் இருந்தால் பஸ் தரிப்பிடம் மட்டும்தான் தெரிகிறது என்று அவர் முறைப்பட்டபோது, “கடையைப் பூட்டின அடுத்த நாள் கடல் தெரியிற யன்னல் வாங்கித் தாறன்” என்று கணவர் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குப் பிறகு முப்பது வருஷம் கடை பூட்டப்படவில்லை. பூட்டியதும், வாக்கு ஒரு நாள்கூடப் பிந்தவில்லை.

புது வாகனத்துக்கு மலைமேட்டில் இருக்கும் ஆர்ச்வே முருகன் கோயில் வாசலில் பூசை வைத்தார்கள். சக்கரத்துக்கு ஒன்றாக நசுக்க எலுமிச்சம்பழம் வேண்டும். கிரீன் ஸ்ட்ரீட்டில் பவுணுக்கு நாலு. மேலதிகமாக இரண்டை உதிரியாகத் தரமாட்டேன் என்றான் கடைக்காரன். தன் கடையில் முப்பது வருஷம் அதே பதிலைச் சொல்லி விற்றவராதலால் கிருஷ்ணராசா அவனை மெச்சினார், ஆனால் இரண்டாவது பவுணை எடுக்கவில்லை.

“ரெண்டு குறையுதே” என்றார் ஐயர்.

“நடுச்சோடி நசுக்கினதிலதானே ஐயா கடைசிச் சோடியும் ஏறப்போகுது. நாலு காணும்.”

“உங்கட வாகனம், உங்கட கணக்கு” என்று சொல்லி ஐயர் தேங்காயை உடைத்தார்.

சிவனேஸ்வரி வண்டியை எடுத்தார். முன்சோடி நசுக்கியது, நடுச்சோடி நசுக்கியது. கடைசிச் சோடி, இன்னொருவர் மிதித்த பழத்தை மிதிக்க மானம் இடங்கொடாததுபோல, நிலத்தைவிட்டு நாலு விரற்கடை எழும்பியது. பிறகு இறங்கவேயில்லை. பின்னால் நின்ற பஸ்காரன் ஹோர்ன் அடித்தான், வாகனம் வழியை மறித்ததற்காக மட்டும். வருஷச் சோதனை செய்த கராஜ்காரன் பின் டயர்கள் சிறிதும் தேயவில்லை என்று எழுதிக் கொடுத்து, வழக்கமான கட்டணத்தையே வாங்கினான்.

வாகனத்தை ஓட்டியது எப்போதும் சிவனேஸ்வரிதான். அவர் லைசென்ஸ் எடுத்த காலத்தில் இவ்வளவு பாரமான வாகனத்தை ஓட்டும் அனுமதியும் அதற்குள் அடங்கியிருந்தது. கிருஷ்ணராசா நாலு தரம் பரீட்சை எழுதி, நாலு தரமும் எத்தனை பிழை வரை விடலாம் என்று பரீட்சகரோடு பேரம் பேசித் தவறியவர். ஹரோவில் கணக்காளராக இருக்கும் மகன் கௌசிகன்தான் இடைஞ்சலை எடுத்து வைத்தான்.

“அம்மா, ஒக்டோபரில உங்களுக்கு எழுபது. பிறகு மூண்டரைத் தொன்னுக்கு மேல ஓட்ட டொக்டர் கையெழுத்து வேணும். உங்கட இடக்கண்ணுக்கு அவர் போடமாட்டார். கார் ஓட்டலாம், இது ஏலாது. பேப்பரில இது நாலு தொன் இருநூறு கிலோ. நான் ஆள் பாத்திட்டன், ஒக்டோபரில விப்பம்.”

“ஒக்டோபர் வரைக்கும் கடல் என்ரதானே?” என்று மட்டும் கேட்டுவிட்டு, சிவனேஸ்வரி வாகனத்தின் திறப்பை எடுத்தார்.

எடின்பரோவுக்குக் கிழக்கே போனார்கள். அங்கே கடற்கரை நெடுகக் கோல்ஃப் மைதானங்கள். புல்லைச் சீலைக்கரைபோல வெட்டி மடித்து வைத்திருந்தார்கள். அபர்லேடியில் அலை வற்றினால் மைல் கணக்கில் மணல், நோர்த் பெரிக்கில் பறவைகள் எச்சமிட்டு வெளுத்த பாறை, இடையில் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு புதுக்கடல். சிவனேஸ்வரி காலையில் புட்டை அவியவைத்துவிட்டு யன்னலைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவர் பார்த்து முடிக்கும்போது பின்சக்கரங்கள் இன்னொரு நூலளவு உயர்ந்திருக்கும். கிருஷ்ணராசாவோ வேலியோரம் நின்று கோல்ஃப்காரரை எடைபோட்டார். “காசு குடுத்து வாங்கின பந்தை அடிச்சுத் துலைக்கிறதுக்கு, இன்னொருக்காக் காசு கட்டுறாங்கள். நல்ல சனம். இஞ்சை ஒரு கடை போட்டிருக்கலாம்.”

ஒருநாள் பந்தொன்று வேலி தாண்டி உருண்டு வந்து பின்சக்கரத்தின் கீழ் நின்றது. தேடி வந்த வெள்ளைக்கார முதியவர் குனிந்து பார்த்தார். டயருக்கும் பந்துக்கும் நடுவில் கைவிட இடமிருந்தது. பந்தை எடுத்துத் துடைத்துக்கொண்டு, அழகான வாகனம், நன்றாக நிறுத்தியிருக்கிறீர்கள் என்று கிருஷ்ணராசாவைப் பாராட்டினார். கிருஷ்ணராசா நெஞ்சை நிமிர்த்தி, உள்ளே இருந்தவரைக் காட்டினார். “ஷீ டிரைவ்ஸ். ஐ ஒன்லி பே.” அந்தக் கரையில் அவர் அதைச் சொல்லாத ஆள் மிச்சமில்லை.

செப்டம்பர் முடிவில் தெற்கே திரும்பும்போது, வீதிச் சோதனையில் மறித்து எடைமேடையில் ஏற்றினார்கள். மூன்று தொன் நானூற்றறுபது கிலோ. அதிகாரி பத்திரத்தைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், இறக்கித் திரும்ப ஏற்றினார். அதே நானூற்றறுபது. பின்பக்கம் போய்த் தன் பதிவுப் புத்தகத்தை ஒரு டயரின் கீழே ஒருபுறம் விட்டு மறுபுறம் எடுத்தார். நிலத்தைத் தொடாத சக்கரங்கள் தங்கள் பங்குப் பாரத்தைத் தராசில் வைக்கவில்லை என்று விளங்கியதும், எடையைத் துண்டுத் தாளில் எழுதி ஒப்பமிட்டுக் கொடுத்தார்.

கௌசிகன் கண்ணால் கண்டதை நம்பாதவன், ஒப்பமிட்ட தாளை நம்புகிறவன். துண்டை மூன்று தரம் வாசித்தான். பிறகு உரிய இடத்துக்கு அனுப்பி, மூன்றரைத் தொன்னுக்குள் அடங்கிய வாகனம் என்று புதுப் பத்திரம் எடுத்துக் கொடுத்தான். வாங்க இருந்தவனுக்கு, “விக்கேல்லை, அம்மா ஓட்டுறா” என்று தானே போன் பண்ணினான். அதைச் சொல்லும்போது அவனுடைய குரல் தகப்பனின் குரலாக இருந்தது.

எழுபதாவது பிறந்தநாளன்று சிவனேஸ்வரி தானே ஓட்டிக்கொண்டு ஆர்ச்வேக்கு வந்தார். ஐயர் பின்சக்கரங்களைச் சுற்றிப் பார்த்தார். “ஒரு சாண் எழும்பீட்டுது. ரெண்டு பழம் கொண்டாங்கோ, இறக்கிவிடுறன்.”

யாருக்கும் கடன் வைத்தறியாத கிருஷ்ணராசா பவுணைத் தேடிச் சட்டைப்பைக்குள் கையை விட்டார்.

“இஞ்சேருங்கோ, கையை எடுங்கோ” என்றார் சிவனேஸ்வரி. “உந்த ரெண்டு பழத்தின்ர பாரத்தை நான் ஏத்தமாட்டன்.”

ஐயர் சிரித்து விபூதி கொடுத்தார். சிவனேஸ்வரி கியரைப் போட்டு மலையிறங்கினார். கிருஷ்ணராசா மடியிலிருந்த, கடை நடத்திய காலத்துக் கொப்பியில் கணக்கை முடித்தார்: கடல் ஒன்று, வரவு. சக்கரம் ஆறு. பழம் நாலு, கொடுத்தாயிற்று. முருகனுக்குப் பாக்கி இரண்டு.